கழுத்து பார்க்கிற ஜகதீசன்

சிகந்திராபாத்தை ஒட்டிய அல்வாலில் ஜகதீசன் உங்கள் கழுத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தால், உயில் எழுதாதவர்கள் உடனே எழுதிவிடுவது நல்லது என்று பேச்சு. வெறும் பேச்சு இல்லை, ஆதாரத்தோடு சொல்லுகிறார்கள். காலனி சங்கச் செயலாளர் நாராயணஸ்வாமியின் ரத்தக் கொதிப்பை ஒரு கருவியும் இல்லாமல் கண்டுபிடித்தவர் அவர். எதிர்வீட்டுச் சாம்பசிவத்துக்குப் பக்கவாதம் வரப்போகிறது என்று முதல் நாளே சொன்னவரும் அவர்தான். சாம்பசிவம்தான் கேட்கவில்லை.

இதில் எவ்வளவு நிஜம் என்று விசாரிக்கப் போனால், ஒரு பகுதி அப்பட்டமான உண்மை. ஜகதீசன் கழுத்தைப் பார்ப்பார். பஸ்ஸில் முன் இருக்கைக்காரரின் கழுத்து, ரேஷன் வரிசையில் முன்னால் நிற்பவரின் கழுத்து, கல்யாணத்தில் நாயனக்காரர் தம் பிடிக்கும்போது புடைக்கிற கழுத்து. காதுக்குக் கீழே, தாடையெலும்பு முடிகிற இடத்தில் அவர் கண் போய் ஈ மாதிரி உட்கார்ந்துகொள்ளும். பெண்கள் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். அவர் மனைவி கல்பகம் இதற்காக எத்தனையோ வீடுகளில் சமாதானம் சொல்லியிருக்கிறாள். "தப்பா நெனைக்காதீங்க. அவருக்கு எல்லாரும் எலிதான்."

அந்த எலிதான் அவருடைய பிழைப்பு. சனத்நகரில் பழைய லேத் பட்டறைகளுக்கு நடுவே, வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்குக் கூலிக்கு ஆராய்ச்சி செய்துகொடுக்கும் நிறுவனம் ஒன்று உண்டு. ஹைதராபாத்தில் பாதிப் பேர் அமெரிக்கக்காரனின் கணக்கு வழக்கை இங்கே உட்கார்ந்து பார்த்துக்கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. கணக்கை அனுப்புகிறவன் எலி வேலையையும் அனுப்பினான். எலிக்கு ஆங்கிலம் தெரியவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

அதற்கு முன்னால் ஜகதீசன் மத்திய சர்க்கார் தொழிற்சாலை ஒன்றில் ரேடார் பெட்டிகளைப் பழுது பார்த்தவர். விருப்ப ஓய்வு கொடுத்தார்கள், விரும்பாமல் வாங்கிக்கொண்டார். ரேடியோ அலையோடு பழகிய கை என்பதால் எலி நிறுவனத்தில் உடனே எடுத்துக்கொண்டார்கள். "ஆகாசத்துல ஏரோப்ளேன் பாத்தவன் சார் நான். இப்ப எலி மண்டைல ரத்தம் பாத்துகினு இருக்கேன். அலை அதேதான். ஆகாசந்தான் சின்னதாப் போச்சு" என்பார்.

அவருடைய யந்திரம் படுக்கவைத்த பால் டாங்கர் போல ஒரு பெரிய காந்தம். இவ்வளவு பெரிய உடம்புக்கு நடுவே துளை மட்டும் முழங்கை நுழைகிற அளவு. அதற்குள் எலி போகும். மூக்குக்கு மயக்கக் காற்று, வயிற்றுக்குக் கீழே வெந்நீர் ஓடும் மெத்தை, மூச்சைக் கவனிக்க ஒரு குட்டிப் பலூன். பெரிய ஆஸ்பத்திரிகளில் மனிதர்கள் எம்.ஆர்.ஐ. என்கிற இந்த மாதிரிப் படத்துக்கு நாள் குறித்துக்கொண்டு காத்துக்கிடக்க, சனத்நகர் எலிக்குக் காத்திருப்பு கிடையாது. "தூங்குடா ராஜா. கனவுல பெருங்காய டப்பா வரும்" என்று சொல்லித்தான் ஜகதீசன் அதை உள்ளே தள்ளுவார். டாக்டர் பட்டம் வாங்கிய இளவட்டங்கள் சிரிப்பார்கள். எலி சிரிக்காது, தூங்கிவிடும்.

அங்கே என்னதான் பார்க்கிறார் என்பதைக் கல்யாண மண்டபத்தை வைத்துச் சொன்னால் சுலபம். மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிறார்கள். உள்ளே போய்ப் பந்தியை ஒரு படம் எடுக்கிறீர்கள். அடுத்த பந்திக்கு யாருக்கும் பன்னீர் தெளிக்காமல் இன்னொரு படம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஈரம் மட்டும் மிஞ்சும். எந்த இலைக்கு எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் என்று தெரிந்துபோகும். எலியின் கழுத்துதான் மண்டப வாசல். அங்கே ஓடுகிற ரத்தத்தின் மேல் ரேடியோ அலையைத் தெளிப்பார்கள். ரத்தத்தில் இருக்கிற தண்ணீர் அந்த அலைக்கு ஒரு கணம் தலைகீழாகத் திரும்பும். அந்த ஈரம் காய்வதற்குள் மூளையைப் படம் எடுக்க வேண்டும். ஊசி இல்லை, சாயம் இல்லை, கத்தி இல்லை. முன்பெல்லாம் மூளையின் ரத்த ஓட்டத்தை அளக்க எலியைக் கொன்று மூளையைச் சீவிப் பார்த்தார்கள். ஒரு எலி, ஒரு கணக்கு, கதை முடிந்தது. "நம்ம எலி எழுந்து போய் சோறு துன்னும் சார். அடுத்த வாரம் திரும்ப வரும்" என்று சொல்லும்போது ஜகதீசன் தானே பெற்று வளர்த்த மாதிரிச் சொல்வார்.

கழித்தபின் மிஞ்சுவது மிகமிகக் கொஞ்சம். நூற்றில் ஒரு பங்கு தேறினால் கைதட்டலாம். அதனால் அதே இரண்டு படங்களை மாற்றி மாற்றி, அலுக்க அலுக்க எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். பக்கத்துப் பட்டறையில் இரும்பு அடிக்கும் பிரஸ் ஒரு தடவை இறங்கினால் போதும், எலியின் மூளை கலங்கிய குட்டையாகிவிடும். பட்டறைக்காரர்கள் டீ குடிக்கப் போகிற நேரங்களில்தான் இங்கே ஆராய்ச்சி உலகத்தரத்தை எட்டியது.

இந்தத் தொழில் அவர் மேல் இரண்டு பழக்கங்களை ஏற்றிவிட்டது. காந்த அறைக்குள் இரும்பு ஆகாது என்று, எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே சாவி, பேனா, செல்போன், சில்லறை எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் நுழைவார். பெல்ட் போட மாட்டார், இடுப்பில் ஒரு கை எப்போதும் காவலிருக்கும். இரண்டாவது, கழித்தல். "ஒரு படம் ஒண்ணுமே சொல்லாது. ரெண்டு எடுத்துக் கழிச்சாத்தான் தெரியும்." கல்பகத்தின் சாம்பாருக்கும் இதே நீதி. "நேத்தியதுல இன்னிக்கியதக் கழிச்சா உப்பு மிச்சம்மா." கல்பகம் விடமாட்டாள். "ஒரு நாள் உங்கள இந்த வீட்லேந்து கழிச்சுப் பாக்கறேன். மிச்சம் என்னா வருதுன்னு தெரியட்டும்."

கழுத்து ஜோசியம் தொடங்கியது, இந்த ஊரில் விநாயக சவிதி என்கிற பிள்ளையார் சதுர்த்திப் பந்தலில். லட்டு ஏலம் விட மைக்கைப் பிடித்திருந்த நாராயணஸ்வாமி, முன்வரிசையில் ஜகதீசன் தன் கழுத்தையே வெறித்துப் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். ஜகதீசன் அப்போது நினைத்துக்கொண்டிருந்தது அன்றைக்குப் பழுதான ஒரு கம்பிச்சுருளை. ஏலம் முடிந்ததும் நாராயணஸ்வாமி இறங்கி வந்து, "ஏன் சார் அப்படிப் பாத்தீங்க?" என்று கேட்டார். திடுக்கிட்ட ஜகதீசன், "ஒண்ணுமில்ல சார், ஓட்டம்…" என்று இழுத்தார். மறுநாள் நாராயணஸ்வாமி டாக்டரிடம் ஓடினார். கொதிப்பு எக்கச்சக்கம். காலனிச் சங்கத்துக்குச் செயலாளராக இருப்பவருக்குக் கொதிப்பு இல்லாதிருந்தால்தான் அதிசயம் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஆள் வர ஆரம்பித்தது. "ஐயோ, எனக்கு மனுசனப் பத்தித் தெரியாதுங்க, நான் எலிக்கு…" என்று ஜகதீசன் கையெடுத்துக் கும்பிட்டார். அடக்கம் என்று எடுத்துக்கொண்டு அவர்களும் கும்பிட்டார்கள். மறுக்க மறுக்கக் கூட்டம் கூடியது. மறுப்பது மெல்ல மெல்ல நின்றது. காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் இரண்டு விரலை வைப்பது, ஒரு கண்ணை மூடிக்கொள்வது, சற்று நேரம் மௌனம், பிறகு, "ஓட்டம் நல்லா இருக்கு." இவ்வளவுதான். கழுத்தை நீட்டியவர் பத்து வயது குறைந்தாற்போல் காபி குடித்துவிட்டுப் போவார்.

ஏன் செய்தார் என்றால், ரேடார் காலத்தில் அவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்லக்கூடாது என்று சட்டம். காலனியில் ஒருவருடைய உயரத்தை அளப்பது பிள்ளைகள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதை வைத்து. ஜகதீசனுக்கு எந்த நாட்டிலும் யாரும் இல்லை. அப்படிப்பட்டவர் முன்னால் கலிபோர்னியாவின் அப்பாக்களும் நியூஜெர்சியின் மாமனார்களும் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அந்தச் சுகம் யாரைத்தான் விட்டது?

நம்பாத ஆள் ஒருவர் உண்டு. எதிர்வீட்டுச் சாம்பசிவம். திருநெல்வேலிக்காரர். ராணுவக் கணக்கு அலுவலகத்துக்கு மாற்றலில் வந்து, ஓய்வு பெற்று, அல்வாலிலேயே வீடு கட்டிக்கொண்டவர். தலையை இடவலமாக ஆட்டிக்கொண்டே இருப்பது அவர் சுபாவம். 'சரி' என்பதற்கும் அதே ஆட்டம், 'சரியில்லை' என்பதற்கும் அதே ஆட்டம். சாயங்காலங்களில் இருவரும் போலாரம் பக்கம் ராணுவ மதிலோரமாக நடப்பார்கள்.

"வாரும்வே எலி ஜோசியரே. இன்னைக்கி எத்தன கழுத்து?"

"கிண்டல் பண்ணாதீங்க சார். வராங்க, என்னா பண்ணச் சொல்றீங்க?"

"வாரவன்கிட்ட, 'ஐயா, எனக்கு ஒரு எழவும் தெரியாது'ன்னு சொல்லும்."

"ஹவ் சார், சொல்லணும்."

"அது என்னவே, எதுக்கெடுத்தாலும் 'ஹவ், ஹவ்'னு? ஆமான்னு சொன்னா வாய் சுளுக்கிக்கிடுமோ?"

"மூணு தலைமொறையா சிகந்திராபாத் சார். ஆமான்னுதான் நெனைக்கறேன், ஹவ்னு வந்துடுது."

"நானும் பாதி ஆயுச இங்கதான் கழிச்சிருக்கேன். எனக்கு வந்துட்டா?"

"வரும் சார்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கழுத்துக் கூட்டமெல்லாம் கலைந்தபிறகு சாம்பசிவம் வந்தார். கல்பகம் உள்ளே குக்கரோடு போராடிக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியை ஜகதீசனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரு விசயம்வே. வெளிய போகப்பிடாது."

"சொல்லுங்க சார்."

"காலையில ஷேவ் பண்ணிக்கிட்டிருந்தேன். ரேசர் நழுவிட்டு. எடுக்கலாம்னா வலது கை எம்பேச்சக் கேக்கல. சுந்தரியக் கூப்பிடலாம்னு பாத்தா, பேரு வாயில வரல. எம்பொஞ்சாதி பேரு! கொஞ்ச நேரந்தான். பொறவு எல்லாம் சரியாயிட்டு. நாலு தோசைகூடத் தின்னேன்."

இது பக்கவாதத்தின் முன்னறிவிப்பு என்று ஜகதீசனுக்குத் தெரியும். அவருடைய நிறுவனம் அப்போது செய்துகொண்டிருந்ததே அந்த வேலைதான். எலியின் ரத்தக்குழாயில் நைலான் இழையைச் செலுத்தி, மூளைக்குப் போகும் ரத்தத்தைச் சற்று நேரம் அடைத்து, பிறகு இழையை உருவிவிடுவார்கள். எலிக்குப் பக்கவாதம் வரும். அதற்குமேல் கம்பெனியின் மருந்து. ஜகதீசனின் திரையில் மூளை ஒரு பாதி வெளிச்சமாகவும் ஒரு பாதி இருட்டாகவும் வரும். இரண்டுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஓர் ஓரம் இருக்கும். அது இன்னும் சாகவில்லை. சீக்கிரமாக ரத்தம் போனால் பிழைத்துக்கொள்ளும், தாமதித்தால் அதுவும் இருண்டுவிடும். மருந்துக் கம்பெனிகளின் போட்டியெல்லாம் அந்த ஓரத்துக்காகத்தான். அந்த ஓரத்தைத் தினமும் பார்க்கிறவரிடம்தான் சாம்பசிவம் வந்திருந்தார்.

"உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்ற வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"பாத்துச் சொல்லும்வே" என்றார் சாம்பசிவம். "ஆஸ்பத்திரின்னு கெளம்புனா சுந்தரி பயந்துருவா. பையன் கௌஷிக்குக்குத் தகவல் போகும். டல்லாஸ்ல இப்ப மந்தம், கம்பெனிக்காரன் ஆள ஆளத் தூக்கிக்கிட்டிருக்கான். இந்த நேரத்துல லீவு கேட்டா இவனையும் தூக்கிருவான். நீரு பாரும். எலி ஜோசியம்னு சொன்ன வாய்தான். சிரிக்காதேயும்."

ஜகதீசன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தப்பித்திருப்பார். இவ்வளவு நாளும் நம்பாத ஒரே மனிதர், தன் முன்னால் பொத்தானைக் கழற்றிக்கொண்டு, குழந்தை மருந்துக்கு வாயைத் திறப்பதுபோல் தாடையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல்கள் தாமாகவே போயின. தட், தட் என்று ஒரு துடிப்பு தட்டியது. அதற்கு அர்த்தம் ஆள் உயிரோடிருக்கிறார் என்பது மட்டும்தான். ஒரு கண்ணை மூடினார்.

"ஓட்டம் நல்லா இருக்கு சார்."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

எதற்கும் ஒரு டாக்டரைப் பாருங்கள் என்பது அடுத்த வாக்கியமாக இருந்திருக்க வேண்டும். அதற்குள் சாம்பசிவத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "போதும்வே. அந்த ஒரு வார்த்தை போதும்" என்று எழுந்து, பொத்தானைப் போட்டுக்கொண்டே, வழக்கம்போல் தலையை இடவலமாக ஆட்டிக்கொண்டு கேட்டைத் திறந்து போனார். அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த நாராயணஸ்வாமி, அந்தத் தலையாட்டலைப் பார்த்தார். பார்த்ததோடு நிற்கிறவர் அல்லர் அவர்.

மறுநாள் காலை மனைவி திரிபுரசுந்தரி எழுந்தபோது சாம்பசிவம் குளியலறை வாசலில் கிடந்தார். எவ்வளவு நேரமாகக் கிடந்தார் என்று யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். சில வாரங்களில் வலது கால் ஓரளவு திரும்பியது. கை அரைகுறை. பேச்சு திரும்பவில்லை. தாமிரபரணித் தமிழ் மொத்தமும், இங்கிலீஷும், கணக்கு அலுவலகத்து இந்தியும் துடைத்தாற்போல் போய்விட்டன. ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது. பசிக்கிறதா என்றாலும், போதுமா என்றாலும், வலிக்கிறதா என்றாலும் அதுதான்.

"ஹவ்."

முதல் தடவை அதைக் கேட்டபோது ஜகதீசன் ஆஸ்பத்திரிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நாராயணஸ்வாமியின் கண்டுபிடிப்பு இதற்குள் காலனியைச் சுற்றி வந்திருந்தது. 'ஜகதீசன் சார் கழுத்தப் பாத்து, ஆபத்து, ஓடுங்கன்னு சொல்லியிருக்கார். இவர் மாட்டேன்னு தலைய ஆட்டிட்டு வந்துட்டார். என் ரெண்டு கண்ணால பாத்தேன்.' அது திரிபுரசுந்தரியின் காதுக்கும் போயிற்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் ஜகதீசனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அண்ணாச்சி, நீங்க முந்தின நாளே சொன்னியளாமே. இவுக எங்கிட்ட மூச்சு விடலியே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா தரதரன்னு இழுத்துட்டுப் போயிருப்பேனே."

இல்லை என்று சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது. ஜகதீசன் வாயைத் திறந்தார். மாத்திரைச் சீட்டோடு நர்ஸ் வந்தாள். மூடிக்கொண்டார்.

வராந்தாவில் விட்டது, வீட்டில் பிடிபடவில்லை. தினமும் சாயங்காலம் எதிர்வீட்டுக்குப் போனார். வாசலில் சாவியையும் பேனாவையும் எடுத்து வைத்தார். உள்ளே போய்ச் சாம்பசிவத்தை மெல்ல நடத்தினார், பேப்பர் படித்துக் காட்டினார், நகம் வெட்டிவிட்டார். சொல்ல வந்ததைத் தவிர எல்லாம் செய்தார். திரிபுரசுந்தரியோ, மருந்து கொடுக்கும்போதெல்லாம் கணவரைக் கடிந்துகொண்டாள். அன்பு மிகுந்த கடிதல்தான். ஆனாலும் தினசரி.

"பிடிவாதம் பிடிச்சு இப்படி ஆயிட்டியளே. ஏங்க, அண்ணாச்சி அன்னைக்கே சொன்னாகளா இல்லியா?"

"ஹவ்."

"நீங்கதான கேக்கல?"

"ஹவ்."

"பாத்தியளா அண்ணாச்சி? அவுக வாயாலயே சொல்லுதாக."

உண்மை தெரிந்த ஒரே சாட்சி, பொய்க்குத் தினமும் ஆமாம் போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் வேறு வார்த்தை இல்லை.

ஒருநாள் திரிபுரசுந்தரி மருந்துக் கடைக்குப் போயிருந்தபோது ஜகதீசன் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

"சார், என் மேல கோவமா?"

"ஹவ்."

ஜகதீசன் கேள்வியைத் திருப்பிப் போட்டார். "கோவம் இல்லியே சார்?"

"ஹவ்."

இரண்டு படம் எடுத்தாயிற்று. கழித்துப் பார்த்தார். மிச்சம் ஒன்றுமில்லை.

கல்பகத்துக்கு எல்லாம் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அவளிடம் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை அன்றோடு அவளே நிறுத்தினாள். கேட்டுக்குப் பூட்டுப் போட்டு, "அவருக்குக் கண்ணு சரியில்ல" என்று காரணமும் சொன்னாள். ஜகதீசன் தெருவில் தலை குனிந்து நடக்கத் தொடங்கினார். பழக்க தோஷத்தில் எப்போதாவது ஒரு கழுத்தில் கண் பட்டால் சுட்டாற்போல் இழுத்துக்கொள்வார், ஒன்றும் சொல்லாமல் விலகிப் போவார். உயில் எழுதச் சொல்லும் வதந்தி பிறந்தது அப்படித்தான். சொன்னபோது இருந்த மரியாதையைவிடச் சொல்லாதபோது மரியாதை கூடிற்று. நாராயணஸ்வாமி, காலனி ஆண்டு விழாவில் அவருக்குச் சால்வை போடுவது பற்றிக்கூடப் பேசினார்.

சனத்நகரில் கம்பெனியின் மருந்து வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. எலிகளின் சாம்பல் ஓரம் வாரா வாரம் வெளுத்தது. இளவட்டங்கள் திரையைச் சுற்றி நின்று கைகொட்டினார்கள், கேக் வெட்டினார்கள். கேக்கை வாயில் வைத்துக்கொண்டே ஜகதீசன் வேறொரு கணக்கைப் போட்டுப் பார்த்தார். 'ஓட்டம் நல்லா இருக்கு' என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை ஒன்று. 'ஆஸ்பத்திரிக்குப் போங்க' என்று சொல்லியிருக்கக்கூடிய ஞாயிற்றுக்கிழமை ஒன்று. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் தன் பங்கு இவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒருவேளை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்குமோ என்னவோ. ஆனால் அந்த இரண்டாவது படம் எடுக்கப்படவில்லை. இனி எடுக்கவும் முடியாது.

"எதுக்கு இப்படித் தினம் போயிட்டு வரீங்க?" என்றாள் கல்பகம். "நகம் வெட்டவா? அந்தம்மா அவர எப்பப் பாத்தாலும் பிடிவாதம், பிடிவாதம்னு திட்டுது. திருப்பிச் சொல்ல அவருக்கு வாய் இல்ல. உங்களுக்கு இருக்குல்ல? ஒரே ஒரு வாக்கியம். 'நான்தாம்மா நல்லா இருக்குன்னு சொன்னேன்.' முடிஞ்சுது."

"சொன்னா அதுக்கப்புறம் அந்த வீட்டுக்குள்ள விடுவாங்களா கல்பகம்?"

"விட மாட்டாங்கன்னா விட வேண்டாம். அது அவங்க வீடு."

அடுத்த நாள் காலையில், வேலைக்குப் போகிற வழியில் ஜகதீசன் எதிர்வீட்டுக்குள் நுழைந்தார். இடுப்பைப் பிடித்துக்கொள்ளக்கூட மறந்திருந்தார். சாம்பசிவம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். திரிபுரசுந்தரி அவருக்கு இட்லியைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. என்ன காலையிலயே? உக்காருங்க, ரெண்டு இட்லி வைக்கட்டுமா?"

"வேணாம்மா. ஒரு விஷயம் சொல்லணும்." அவர் உட்காரவில்லை. "அன்னிக்கு ஞாயித்துக்கெழம சார் எங்க வீட்டுக்கு வந்தாருல்ல…"

"அது தெரியும்லா. நீங்க படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கிய. இந்த மனுசன்தான்…"

"இல்லம்மா. நான் சொன்னது அது இல்ல."

திரிபுரசுந்தரியின் கை பாதி வழியில் நின்றது. "பொறவு?"

"நான் சொன்னது வேற."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்போது ஜன்னல் பக்கத்திலிருந்து குரல் வந்தது. கரகரப்பாக, ஆனால் தெளிவாக.

"நக்கோ."

இந்த ஊர் உருதுவில் 'வேண்டாம்' என்று அர்த்தம். காய்கறிக்காரரிடமும் ஆட்டோக்காரரிடமும் எல்லோரும் சொல்கிற வார்த்தை.

இட்லித் தட்டு கீழே விழுந்தது. "என்னது? என்ன சொன்னிய? அண்ணாச்சி, கேட்டியளா? இன்னொரு வார்த்த வந்துட்டு! ஐயோ, முருகா, இன்னொரு வார்த்த வந்துட்டு!" அவள் கையைக்கூடக் கழுவாமல் டெலிபோனுக்கு ஓடினாள். டல்லாஸில் முன்னிரவு. கௌஷிக் பதறி எழுந்தது இங்கேவரை கேட்டது. "அப்பாகிட்ட குடும்மா! அப்பா, இன்னொரு தடவ சொல்லுங்கப்பா, ப்ளீஸ்!" திரிபுரசுந்தரி ரிசீவரைச் சாம்பசிவத்தின் காதில் வைத்துப் பிடித்தாள்.

"ஹவ்" என்றார் சாம்பசிவம்.

"இல்லப்பா, அந்தப் புது வார்த்த."

"ஹவ்."

ஜகதீசன் சாம்பசிவத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்ல வேண்டாம் என்றாரா? ஜகதீசன் அப்படிச் சொல்லவே இல்லை என்று மனைவியிடம் மறுத்தாரா? இட்லி வேண்டாம் என்றாரா? சாம்பசிவம் அவரைத் திரும்பிப் பார்த்தார். பார்வை நேராகத்தான் இருந்தது. அதில் இன்னது என்று படிக்கிற மாதிரி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

திரிபுரசுந்தரி ரிசீவரை வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"நல்ல நேரத்துல கால எடுத்து வச்சிய அண்ணாச்சி. ஆங், என்னமோ சொல்ல வந்தியளே? வேறன்னு?"

ஜகதீசன் வாயைத் திறந்தார். ஜன்னலோரம் சாம்பசிவத்தின் உதட்டு ஓரத்தில் இட்லி ஒட்டியிருந்தது.

"அப்புறமா வந்து சொல்றேம்மா" என்றார். குனிந்து, நாற்காலிக் கையில் கிடந்த துண்டை எடுத்து, சாம்பசிவத்தின் வாயை மெதுவாகத் துடைத்துவிட்டார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.